ஜட்ஜ் அம்மாவிடம் செய்த பாவசங்கீர்த்தனம்

எங்கள் சொந்தத்தில் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் பலர் உண்டு. வரப்புத் தகராறுக்கு ஏறியவர்கள், பாகப்பிரிவினைக்கு ஏறியவர்கள், எதற்காக ஏறினோம் என்பது மறந்துபோன பிறகும் வாய்தா தவறாமல் ஏறிக்கொண்டே இருந்தவர்கள். ஆனால் நீதிபதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "சாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி" என்று ஆரம்பித்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பாவுக்கு ஏலாக்குறிச்சி. இரண்டு ஊரிலும் மாதா கோயில் பூசைக்கு வராதவர்களை ஒரே மாதிரிதான் முறைப்பார்கள். அதனால் பொருத்தம் பார்த்தபோது யாரும் குறை சொல்லவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அம்மாவுக்குத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அப்பா கொள்ளிடக்கரை நிலத்தை விட்டு வர முடியாது என்றார். கையில் கிடைத்த வேலையை விட முடியாது என்றாள் அம்மா. கொஞ்ச நாள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் சண்டையை நிறுத்திவிட்டார்கள், அதுதான் வினையாகப் போயிற்று. முழுப் பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஜூன் மாதம் வரதராஜன்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோதுதான் இந்த லீவு முடியப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

பங்குச் சாமியார் இருவரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். அவர் பேசி முடித்ததும் அம்மாவின் அண்ணனான மாமாவும் அப்பாவின் அக்காவான அத்தையும் பேசினார்கள். அவர்கள் பேசிய பிறகு, மேற்கொண்டு பேச யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. அம்மா ஜெயங்கொண்டத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அப்பா பெரம்பலூர் வரை போய் ஒரு வக்கீலைப் பிடித்தார். அம்மா கோர்ட்டில் என் செலவுக்குக் கேட்டாள். அப்பா என்னையே கேட்டார்.

வழக்கு முடியும்வரை இப்படி இருக்கட்டும் என்று அரியலூர் கோர்ட்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வார நாட்களில் நான் அம்மாவோடு. சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம்வரை அப்பாவோடு. என்னைக் கைமாற்றிக்கொள்ளும் இடம் அரியலூர் பஸ் ஸ்டாண்டு.

அம்மாவும் நானும் ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறிப் போய் இறங்கும்போது, திருமானூர்ப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் அப்பா எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருப்பார். சிமெண்டு லாரிகள் கிளப்பிய புழுதி அவருடைய சட்டையில் படிந்திருக்கும் அளவைப் பார்த்தே எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். இரண்டு பேரும் கை எட்டும் தூரத்தில்தான் நிற்பார்கள். ஆனால் பேச மாட்டார்கள். பேச வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"அப்பாகிட்ட சொல்லு, சளி புடிச்சிருக்கு, தயிர் ஊத்த வேணாம்னு."

நான் திரும்பி, "அப்பா, சளி புடிச்சிருக்காம், தயிர் வேணாமாம்" என்பேன். அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "சரின்னு சொல்லு" என்பார். நான் அம்மா பக்கம் திரும்பி, "சரியாம்" என்பேன். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. நான் இல்லாவிட்டால் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் மிதப்பாகவே நடந்துகொண்டேன்.

இனி குழம்பு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன பிறகு அப்பா தானே சமைக்க ஆரம்பித்திருந்தார். அதற்கு முன்பு அவர் அடுப்படிக்குள் போனதெல்லாம் தண்ணீர் குடிக்கத்தான். முதல் சனிக்கிழமை எனக்காக மீன் குழம்பு வைத்தார். உப்புப் போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டுவிட்டார். ஒரு வாய் வைத்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு குழம்பைத் தள்ளிவைத்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தோம்.

மறுநாள் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்ததும் அம்மா கேட்டாள், "அங்க என்ன பாப்பா சாப்ட்ட?"

"மீன் கொழம்பும்மா. ஒரே உப்பு. வாயிலயே வைக்க முடியல."

அம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மாமா வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆகவே அடுத்த வாரமும் குழம்பு உப்பு என்றேன். அதற்கடுத்த வாரம் சோறு குழைந்துவிட்டது என்றேன். உண்மையில் அப்பா அதற்குள் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். மாங்காய் போட்டு அவர் வைத்த குழம்பை நான் தட்டோடு வழித்துச் சாப்பிட்டேன். ஒரே ஒரு முறை, வாய் தவறி, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அந்தத் தவறைச் செய்யவே இல்லை.

ஏலாக்குறிச்சியிலும் இதே கதைதான். "மாமா வூட்டுல ஒன்னய நல்லா வச்சிக்கிறாங்களா?" என்று அப்பா கேட்பார். ஒருநாள் மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்ததால் டிவியை மாற்ற விடவில்லை. அதைச் சொன்னேன். அப்பா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். மடி கிடைத்தால் யார் விடுவார்கள்? அடுத்த வாரம் மாமா எப்போதுமே டிவி போட விடுவதில்லை என்றானது. அதற்கடுத்த வாரம், மாமா பிள்ளைகளுக்கு மட்டும் முட்டை, எனக்கு இல்லை என்றானது. பாவம் மாமா. எனக்கு முட்டையை உரித்துக் கையில் கொடுப்பவரே அவர்தான்.

இதெல்லாம் என்னோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மாமா ஜெயங்கொண்டத்திலிருந்து டைப் அடித்த தாள்களோடு வந்தார். அம்மா தரப்பில் போடப்போகும் புது மனுவாம். கூடத்தின் நடுவில் நின்று, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் அதை வாசித்தார். எதிர்மனுதாரரின் இல்லத்தில் மைனர் குழந்தைக்கு உண்ணத் தகுதியற்ற உணவு தொடர்ந்து அளிக்கப்படுவதாகவும், அதனால் குழந்தையின் உடல்நலம் பாதிக்கப்படுவதாகவும், ஆகவே சனி ஞாயிறுகளில் குழந்தையை அங்கே அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது.

எதிர்மனுதாரர் என்றால் அப்பா. உண்ணத் தகுதியற்ற உணவு என்றால் என்னுடைய உப்புக் குழம்பு.

"இதெல்லாம் எழுதணுமாண்ணே?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எழுதாம எப்புடிம்மா ஜெயிக்கிறது? புள்ளயே சொல்லுது, நாம என்ன இட்டுக்கட்டியா எழுதுறோம்?" என்றார் மாமா.

பெரம்பலூர் வக்கீலும் சும்மா இருக்கவில்லை. மாமன் வீட்டில் குழந்தைக்குப் பாரபட்சம் காட்டப்படுகிறது, ஆகவே குழந்தையை முழுக்க முழுக்கத் தகப்பனிடமே ஒப்படைக்க வேண்டும் என்று பதில் போட்டார். என் டிவியும் முட்டையும் கோர்ட்டுக்குப் போய்விட்டன.

அம்மா ஜெயித்தால் இனிமேல் சனிக்கிழமை கிடையாது. அப்பா ஜெயித்தால் மற்ற நாளெல்லாம் கிடையாது. எனக்கு இரண்டு பேரும் வேண்டும். அம்மா விரலில் ஒட்டியிருக்கும் சாக்பீஸ் வாசனை வேண்டும். அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து கொள்ளிடக்கரை வரை போவதும் வேண்டும். எதை இழந்தாலும் அது என் வாயால்தான் என்பதுகூட அந்த வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? உப்பு இல்லை என்று அம்மாவிடம் சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகும். முட்டை கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் சொன்னால் மடி போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலில் புது நன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளைத்தான் புது நன்மை என்போம். அதற்கு முந்தின நாள், செய்த பாவங்களையெல்லாம் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். அதுதான் பாவசங்கீர்த்தனம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு சிஸ்டர் எங்களை உட்காரவைத்து அதற்குச் சொல்லிக் கொடுத்தார்.

"சாமி அங்க சும்மா மனுசனா உக்காரல. கடவுளுக்குப் பதிலா நீதிபதியா உக்காந்திருக்காரு, தெரியுதா? அங்க சொல்றது அங்கயே முடிஞ்சிடும். எந்த ராசா வந்து கேட்டாலும் சாமி வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா பாவத்த மட்டும்தான் சொல்லணும். ஊர்க் கதையெல்லாம் அங்க பேசக் கூடாது."

எனக்கு மனதில் பெரிய நிம்மதி. சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது, அது வெளியே போகாது. ஞாயிற்றுக்கிழமை புது நன்மை என்பதால் அந்த வாரம் மட்டும் அப்பா வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவாகியிருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கான சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. இரண்டு தரப்பும் குழந்தை சொன்னதாகவே சொல்கிறார்கள், ஆகவே குழந்தையையே நேரில் கேட்க வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாராம். வாய்தா அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. ஜெயங்கொண்டத்து வக்கீல் வீட்டுக்கே வந்து என்னை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஜட்ஜ் அம்மா ஒன்னய மட்டும் அவங்க ரூமுக்குள்ள கூப்புடுவாங்க. கதவச் சாத்திடுவாங்க. எங்க யாருக்கும் உள்ள வேல கெடையாது. பயப்படக் கூடாது. மனசுல என்ன இருக்கோ எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிடணும். புரிஞ்சுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. சிஸ்டர் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் அப்படியே இருந்தது. தனி அறை, சாத்திய கதவு, உள்ளே நீதிபதி. வரதராஜன்பேட்டையில் பங்குச் சாமியார் நீதிபதியாக உட்காருகிறார். அரியலூரில் ஜட்ஜ் அம்மா உட்காருகிறார். மாவட்டத் தலைநகர் என்பதால் இவர் இன்னும் கொஞ்சம் பெரிய இடமாகக்கூட இருக்கலாம். சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அம்மா எதுவும் சொல்லித் தரவில்லை. என் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள், இறங்குவதற்குள் இன்னொரு தடவை பின்னினாள். மாமாதான் வழி முழுக்க, "அம்மாகிட்டயே இருக்கேன்னு சொல்லு, அவ்வளவுதான், வேற பேச்சே வேணாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கோர்ட்டு வராந்தாவில் அத்தை என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்து, கையில் முறுக்கைத் திணித்து, "அப்பாவத் தனியா விட்றாத கண்ணு" என்றார். அப்பா வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் தள்ளி நின்றார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். அம்மா பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் ஒருவர் என் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். ஜட்ஜ் அம்மா என்னுடைய அம்மாவைவிட வயதில் பெரியவர். கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை. எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அந்த உடுப்பைப் பார்த்ததும் தீர்ந்துவிட்டது.

"வாம்மா. இப்படி வந்து உக்காரு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார்.

நான் எதிர் நாற்காலிக்குப் போகவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு அவருடைய நாற்காலிக்குப் பக்கவாட்டில் போய், முழங்காலில் நின்று, சிலுவை போட்டுக் கைகளைக் குவித்துக்கொண்டேன். "சாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி. இதுதான் என்னுடைய முதல் பாவசங்கீர்த்தனம்" என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி தடுமாறாமல் சொன்னேன்.

"எந்திரி பாப்பா, எந்திரி" என்று டவாலிக்காரர் பதறிக்கொண்டு வந்தார். ஜட்ஜ் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நீங்க வெளிய இருங்க, கதவச் சாத்திக்கங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"சொல்லும்மா."

"அப்பா வூட்டுல கொழம்பு உப்புன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேங்க சாமி. மொதோ தடவ மட்டும் நெசமாலுமே உப்பு. அப்பறம் நல்லாத்தான் இருந்துச்சு. மாமா வூட்டுல எனக்கு முட்ட தரலன்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன். மாமா தருவாரு. டிவியும் போட விடுவாரு."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னா அவங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடுதுங்க. நல்லா இல்லன்னா அம்மா சிரிக்கும். அப்பா மடியில வச்சிக்கும்."

ஜட்ஜ் அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். "சரி. நீ யாரோட இருக்க ஆசப்படுற? அம்மாவோடயா, அப்பாவோடயா?"

எனக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவருக்கு இது தெரியவில்லையே. "அது பாவம் இல்லீங்களே சாமி. இங்க பாவத்த மட்டும்தான் சொல்லணும். வேற கத பேசக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"ஆமாமா. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன்" என்றார் அவர்.

செய்த பாவத்துக்கு வருந்தி, இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்கிற மனஸ்தாப ஜெபத்தை முழுசாகச் சொன்னேன். பிறகு காத்திருந்தேன். அவர் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. "இப்ப நீங்க பரிகாரம் குடுக்கணுங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன குடுக்கலாம், நீயே சொல்லு."

"சின்னப் புள்ளைங்களுக்கு மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் குடுப்பாங்களாம்."

"அப்ப அதையே சொல்லிடு."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சொல்ல மாட்டேன்மா" என்று என் தலையில் கை வைத்தார். "நீ ஒரு தப்பும் பண்ணல. நல்லா இரு." சாமியார் சொல்கிற மன்னிப்பு ஜெபம் இதைவிட நீளம். இருந்தாலும் அவர் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வெளியே வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே என்ன நடந்தது, என்ன சொன்னாய் என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். "அத வெளிய சொல்லக் கூடாது" என்றேன். என் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், நாம் ஜெயித்துவிட்டோம் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அத்தையும் அதே முகத்தைப் பார்த்து அதே முடிவுக்குத்தான் வந்தார்.

மறுநாள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு என் முறை வந்தபோது, பங்குச் சாமியாரிடம் சொல்ல என்னிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

"எல்லாத்தையும் நேத்தே சொல்லிட்டேங்க சாமி" என்றேன்.

"யாருகிட்ட?"

"அரியலூர் ஜட்ஜ் அம்மாகிட்ட."

திரைக்கு அந்தப் பக்கம் பெரிய இருமல் வந்தது. அடங்க வெகு நேரமாயிற்று. அப்புறம், "அவங்க என்ன பரிகாரம் குடுத்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதுவே போதும். போயிட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புது நன்மைக்கு அப்பா வரதராஜன்பேட்டைக்கே வந்துவிட்டார். பீடத்துக்குப் போகும்போது பிள்ளையின் இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு கையில் மெழுகுவர்த்தி இருந்ததால் இரண்டு பேரில் ஒருவர்தான் என் கையைப் பிடிக்க முடியும். அப்பா பிடித்தார். அம்மா என் தோளில் கை வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை. அப்பா சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்.

தீர்ப்பு அதற்கடுத்த மாதம் வந்தது. நான் அம்மாவோடு இருப்பேன். சனி ஞாயிறு வழக்கம் போல அப்பாவோடு. முழுப் பரீட்சை லீவில் பாதியும் அப்பாவுக்கு. என் செலவை இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு பற்றியும் பாரபட்சம் பற்றியும் இரண்டு தரப்பும் சொன்னவற்றுக்கு ஆதாரம் இல்லை. இவ்வளவையும் வக்கீல்கள் ஓரளவு எதிர்பார்த்திருந்தார்கள். கடைசியில் ஒன்று சேர்த்திருந்ததுதான் யாருக்கும் விளங்கவில்லை. குழந்தை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குத் திரும்பியதும், அங்கே என்ன நடந்தது என்று பெற்றோரோ உறவினரோ அதனிடம் எதையும் விசாரிக்கக் கூடாது.

"இதென்னங்க, எந்தச் சட்டத்துல இருக்கு இது?" என்று மாமா கேட்டார்.

"நானும் எத்தனையோ ஆர்டர் பாத்துட்டேன், இது மாதிரி பாத்ததில்ல" என்றார் வக்கீல்.

அந்த அம்மாள் கொடுத்த வாக்கை எவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். குழம்பு, முட்டை என்று ஓர் எழுத்து அதில் கிடையாது. சனிக்கிழமை என்னிடமே இருந்தது. அன்று நான் ஜெபம் சொல்லி அவருக்காக வேண்டிக்கொண்டேன்.

ஆனால் உத்தரவு வந்த பிறகு வீடு ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பையை வைத்ததும் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். வாய் திறக்கும். பிறகு, "கை கால் கழுவிட்டு வா" என்பாள். அப்பாவும் அப்படித்தான். சைக்கிளை ஓட்டிக்கொண்டே, "அங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, "அங்க பாரு, எவ்வளவு கொக்கு" என்று முடிப்பார். இனிமேல் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. போகப் போக வருத்தமாகிவிட்டது. நான் எங்கே போனேன், என்ன தின்றேன் என்று கேட்க ஆளில்லாமல் போயிற்றே என்று எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது.

ஒரு ஞாயிறு சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க இன்னைக்குக் கெண்ட மீன் கொழம்பு."

அம்மா கல்லைப் பார்த்தபடியே, "நான் ஒண்ணும் கேக்கல பாப்பா. கேக்கக் கூடாதுன்னு ஆர்டர்" என்றாள்.

"கேக்கத்தானே கூடாது. நானாச் சொன்னா ஒண்ணும் இல்லல்ல." பெரம்பலூர் வக்கீலுக்கும் ஜெயங்கொண்டத்து வக்கீலுக்கும் தோன்றாத நுணுக்கம் இது. "கொழம்பு நல்லா இருந்துச்சும்மா. உப்பெல்லாம் சரியா இருந்துச்சு. ரொம்ப நாளாவே சரியாத்தான் இருக்கு."

அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் இந்த முறை உள்ளே போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா அவருக்கு?"

"யாரும் இல்ல. அவராவே. மாங்கா போட்டு வைப்பாரு."

"கெண்டைல முள்ளு நெறைய இருக்குமே. அவருக்கு முள்ளு எடுக்க வராதே. நாந்தான் எடுத்து வைப்பேன்."

"இப்ப அவருதான் எனக்கு எடுத்துத் தராரு."

"அவருக்கு?"

"அவரு கொழம்பு மட்டும் ஊத்திக்குவாரு. மீனு வேணாம்பாரு."

கல்லில் இருந்த தோசை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அம்மா என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, "அடுத்த வாட்டி விரால் வாங்கச் சொல்லு. விரால்ல முள்ளு கம்மி. அவருக்கும் சாப்புட வரும்" என்றாள்.

"யாரு சொன்னான்னு கேட்டா?"

"நீயாச் சொல்ற மாதிரி சொல்லு."

அது பொய்யல்லவா என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. இனிமேல் பொய் சொல்ல மாட்டேன் என்று ஜட்ஜ் அம்மாவிடமே சொல்லியிருந்தேன். இதைப் பாவத்தில் சேர்ப்பதா, சேர்த்தால் பங்குச் சாமியாரிடம் சொல்வதா, அரியலூருக்கே போக வேண்டுமா என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தேன். அம்மா கேட்டதெல்லாம் மீனைப் பற்றித்தான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.